புகை வண்டிக்கு நான் கொடுத்த விறகு

அன்புள்ள மக்கா,

உம்மாவின் ஸலாம். இங்கு யாவரும் சுகம், அங்கு உன் சுகத்தை எழுதவும் என்று வழக்கமாக வரும் இரண்டு வரியை இந்த முறை விட்டுவிட்டேன். இதுவரை கோட்டாற்றிலிருந்து கொழும்புக்கு உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் உன் வாப்பா எழுதியவை. நான் பக்கத்தில் நின்று சொல்லுவேன், அவர் எழுதுவார், நான் சொன்னதில் பாதியை விட்டுவிடுவார். இது என் கையெழுத்து. நாலாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளின் எழுத்து கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். பொறுமையாகப் படி. படித்து முடிக்கும் வரை யாரிடமும் பேசாதே, குறிப்பாக அங்கே உன்னோடு இருக்கும் மாமாவிடம்.

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. உள்ளே தனியாக ஒரு தாளை நாலாக மடித்து, ‘உம்மாவுக்கு மட்டும்’ என்று மேலே எழுதியிருந்தாய். கல்யாணம் முடிந்த மறுநாள் நம் வீட்டில் வைக்கும் வலீமா விருந்துக்கு வாப்பா கடை இறைச்சி வேண்டாம், வேறு ஆளை வைத்து வெட்டச் சொல்லுங்கள், பெண் வீட்டார் வந்து இறங்கும்போது அந்தப் புகை வண்டி வாசலில் நிற்கக் கூடாது, இதை நீங்களே வாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். எட்டு வருஷமாகக் கொழும்பில் நம் ஊர்க்காரர்கள் வாயிலிருந்து ‘தோட்டு சாயிபு மகன்’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்றும், பெண் ஊரான தேங்காய்ப்பட்டணத்துக்காரர்கள் முன்னாலும் அந்தப் பெயர் வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். படித்தேன். பக்குவம் என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை, உனக்குத் தெரியும். வாப்பாவிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

நீ கொழும்புக்குக் கப்பல் ஏறிய வருஷம்தான் சுதந்திரம் வந்தது. அந்த வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாள் ஐப்பசி மழைக்கு நடுவில் வந்து விழுந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் குர்பானி வெட்டு எப்போதும் உன் வாப்பா கையில்தான். அவர் தராசு இல்லாமல் மூன்று பங்கு வைப்பார். வீட்டுக்கு ஒன்று, சொந்தத்துக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. எந்தப் பங்கு யாருக்கு என்று அவருக்கே தெரியாத மாதிரி வைப்பார். ஏழைகளின் பங்கை மாட்டு வண்டியில் ஏற்றி அருமனைப் பக்கத்து மலையடிக் குடிகளுக்குக் கொண்டு போவதும் அவர்தான். வண்டி போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். வெயில் காலமென்றால் உப்பும் மஞ்சளும் தடவிய இறைச்சி வழியிலேயே பாதி காய்ந்துவிடும். அந்த வருஷம் வானம் ஒரு நாழிகைகூட வெளுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது வண்டியே நாறியது. அத்தனையையும் ஒரு தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். வந்தவர் குளிக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. “பாத்திரத்த எடுத்துட்டு வந்து வரிசையா நிக்குதுவ, ஏட்டி. அதுவ மூஞ்சியில எப்பிடி முழிச்சேன்னு எனக்கில்லா தெரியும்” என்றார். ஊரார் நம்பி ஒப்படைத்த பொருள் தன் கையில் கெட்டுப் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

வண்டி யோசனை என்னுடையது. ஊரில் யாரும் இதை நம்ப மாட்டார்கள், நீ நம்பு. மழைக்காலத்தில் நான் மீனையும் இறைச்சியையும் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவேன். அடுப்புப் புகை அதைக் கெடாமல் பார்த்துக்கொள்ளும். உன் வாப்பாவிடம் சொன்னேன்: “அடுப்பங்கரைய வண்டியில ஏத்திட்டுப் போங்க. போற வழியெல்லாம் புகையட்டும். போய்ச் சேரும்போ எறைச்சி பதமா இருக்கும்.” அவர் முதலில் சிரித்தார். மறுநாள் காலையில் கடையைக் கூடத் திறக்காமல் லாரிப் பட்டறைத் தங்கையனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தங்கையனை உனக்கு நினைவிருக்கும். வாயில் பீடியும் கையில் ஸ்பேனரும் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. ஓட்டம் முடிந்து துருப்பிடித்துக் கிடந்த ஒரு பஸ்ஸின் பின் அச்சை, சக்கரத்தோடு அவன்தான் கொண்டு வந்து போட்டான். அதன் மேல் புளிய மரச் சட்டம். சட்டத்தின் மேல் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய் படுக்கை வசத்தில். முதலில் அவன் கொண்டு வந்தது மண்ணெண்ணெய்ப் பீப்பாய். நான் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். “இதுல தொங்கப் போட்ட எறைச்சிய நீ திம்பியா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். பிறகு தேங்காயெண்ணெய் மில்லிலிருந்து ஒன்று வந்தது. அதையும் மூன்று நாள் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து, உள்ளே தீ மூட்டிச் சுட்டு எடுத்தோம். அதற்குக் கீழே, வண்டியின் பின்பக்கம், தீ போட ஒரு சின்னப் பீப்பாய். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய். பெரிய பீப்பாய்க்குள் கம்பிகள், கம்பியில் கொக்கிகள், மேலே மூடி போட்ட ஒரு புகைபோக்கி. எல்லாவற்றையும் மாட்டு வண்டியின் பின்னால் ஒரு இரும்புத் தண்டில் கோத்து இழுத்துப் போக வேண்டியது.

முதல் ஓட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. குழாய் குட்டையாக இருந்ததால் தீ இறைச்சியைப் பிடித்துவிட்டது. கொழுப்பு சொட்டச் சொட்ட உள்ளே குபுகுபுவென்று எரிந்தது. புகைக்கப் போனது சுட்டுத் தின்னத்தான் ஆயிற்று, தெருவே வந்து தின்றது. பிறகு தங்கையன் குழாயை ஒரு ஆள் நீளத்துக்கு வளைத்துப் போட்டான், கொழுப்பு விழ ஒரு மணல் தட்டும் வைத்தான். இறக்கத்தில் பின் வண்டி முன் வண்டியை முட்டித் தள்ளியது, காளை மிரண்டு ஒரு வளையல் கடைக்குள் தலையை நுழைத்தது. அதற்குச் சக்கரத்தில் அழுந்தும் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டினான். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ஆரல்வாய்மொழி வரை ஒத்திகை ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கணவாய்க் காற்றில் தீ சீறிக்கொண்டு எழுந்தது, அதனால் தீப்பீப்பாய்க்கு ஒரு கதவும் வந்தது. கடைசியில் மிதமான சூட்டில் இரண்டு நாள் ஒரே மாதிரி புகைகிற வண்டி ஒன்று நம் வாசலில் நின்றது. “நாரோயிலுக்கு ரயிலு வராதுன்னு ஆரு சொன்னா? அக்கா வீட்டு வாசல்ல புகைவண்டி நிக்குல்லா!” என்று தங்கையன் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னான். உன் வாப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். என்னைக் கூட அப்படிப் பார்த்ததில்லை என்று நான் கேலி செய்தேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நீ வெட்கப்படுகிற அந்த வண்டியை எத்தனை கவனத்தோடு செய்தோம் என்று உனக்குத் தெரிய வேண்டும். பீப்பாயை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினவள் நான். மூக்கு அவ்வளவு கூர்மை. தலைக்கனமும் அவ்வளவு. இனி வருவதைப் படி.

மறுவருஷப் பெருநாள் புரட்டாசிக் கடைசியில் வந்தது. மழை அதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. வண்டிக்கென்று உன் வாப்பா ஒரு சாக்கு நிறையக் காய்ந்த தேங்காய்ச் சிரட்டை சேர்த்து, ஈரம் படாமல் மச்சில் கட்டி வைத்திருந்தார். பெருநாள் காலையில் அவர் பள்ளிவாசல் முற்றத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே எனக்கு வீடு நிறைய விருந்தாளி, அடுப்பில் விறகெல்லாம் ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்தது. சாதம் பாதி வேக்காட்டில் நிற்கிறது. மச்சில் ஏறினேன், அந்தச் சாக்கில் முக்கால் பங்கை அள்ளி என் அடுப்புக்குப் போட்டுவிட்டேன். சாக்கு சப்பென்று கிடந்தது. வாப்பா பார்த்தால் சத்தம் போடுவார். பின் தெருவில் கொல்லாங்கொட்டை வறுத்து உடைக்கிற கொட்டகை இருந்ததல்லவா, முந்திரிக்கொட்டை, உங்கள் கொழும்பில் கஜு என்பார்களே, அதுதான். உடைத்த தோடு அங்கே மழை படாமல் மலை மாதிரிக் கிடக்கும். எரிப்பதற்கு யார் வேண்டுமானாலும் அள்ளிப் போகலாம். நல்ல எண்ணெய்ப் பசை, தீயைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ளும். அள்ளிக்கொண்டு வந்து சாக்கில் கொட்டினேன். அவருக்குத் தெரியக் கூடாது என்று மிச்சமிருந்த கால் பங்கு சிரட்டையை மேலே வரும்படி பரப்பி வாயைக் கட்டி வைத்தேன். எரிகிறதெல்லாம் புகைதானே என்று நினைத்தேன், மக்கா. அந்தக் கொட்டகையில் வேலை பார்க்கிற பெண்களின் கை எப்படி வெந்து தோலுரிந்திருக்கும் என்று நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கையையும் இந்தப் புகையையும் சேர்த்து நினைக்க எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

வாப்பா மழைக்குள்ளேயே புறப்பட்டார். முதலில் மேலே இருந்த சிரட்டை எரிந்தது, மணமும் நன்றாக இருந்தது. மார்த்தாண்டம் தாண்டிய பிறகு கொட்டுகிற மழையில், சாக்கைக் குடைக்குள் வைத்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல் கைவிட்டு அள்ளிப் போட்டிருக்கிறார். புகை கறுத்துக் காறலாக வந்தபோது ஈரம் ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறார். அருமனையில் பீப்பாயைத் திறந்தபோது இறைச்சி கறுத்து மினுமினுவென்று பார்க்க அழகாக இருந்ததாம். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் தான் சாப்பிடுவது என்பது அவர் வழக்கம். அந்த வழக்கம் அன்றைக்கு அவரைக் கெடுத்தது. பாதிக் குடிகளுக்குக் கொடுத்து முடிப்பதற்குள், முதலில் வாங்கிய வீட்டிலிருந்து பிள்ளைகளின் அழுகை கேட்டது. வாயும் உதடும் வெந்து வீங்கிவிட்டன. இறைச்சியைக் கழுவிய ஒரு கைக்குழந்தைக்காரிக்கு இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. வாப்பா ஓடிப் போய்ச் சாக்கைக் கவிழ்த்தார். அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். யார் போட்டது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கொடுத்ததையெல்லாம் வீடு வீடாகத் திரும்ப வாங்கிப் புதைத்துவிட்டு, எல்லோருக்கும் தேங்காயெண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் வந்து சேர்ந்தார். அல்லாஹ் காப்பாற்றினான், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கைக்குழந்தைக்காரி மட்டும் ஒரு மாதம் பிள்ளையைத் தூக்க முடியாமல் கிடந்தாள்.

அவருக்கு முன்னாலேயே சேதி வந்துவிட்டது. ஜமாஅத்துப் பெரியவர்கள் நாலு பேர் நம் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்தார்கள். நான் நடுக்கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“எதப் போட்டு எரிச்சீரு ஓய்?”

“கொல்லாங்கொட்டைத் தோடு.”

“எவன் குடுத்த யோசனை இது?”

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவர் தலையை நிமிர்த்தி அந்தத் திறப்பைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ஆரும் குடுக்கல. நாந்தான் போட்டேன். மழையில வெறகு தட்டுப்பாடு. புத்தி பெசகிட்டு.”

கதவின் தாழ்ப்பாளில் என் கை இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்து, “நான் போட்டது” என்று சொல்ல வேண்டியதுதான். கோஷா, ஆண்கள் சபை என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பொய். பயம், அவ்வளவுதான். ஊரே மெச்சிய அடுப்பங்கரைக்காரி என்ற பெயர் போய்விடுமே என்ற பயம். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றோடு குர்பானிக் கத்தி அவர் கையை விட்டுப் போயிற்று. ‘தோட்டு சாயிபு’ என்ற பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அவர்கள் போன பிறகு, “எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ஒம் பேரச் சொன்னா நாளைக்கு ஒருத்தி ஒங் கையால தண்ணி வாங்கிக் குடிப்பாளா? நான் வெளிய கெடக்கவன், எப்பிடியும் பொழைச்சுக்கிடுவேன். நீ வீட்டுக்குள்ள கெடந்து வேகணும். சோத்தப் போடு” என்றார். நல்ல மனுஷனின் வார்த்தைதான். ஆனால் மறுநாள் காலையில் என் அடுப்படியில் மிஞ்சிக் கிடந்த சிரட்டையை எடுத்துப் போய் மச்சில் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அவரும் மனுஷன்தானே. அந்தச் சாவி எனக்கு வலித்த மாதிரி எந்த வசவும் வலித்திருக்காது.

வண்டியை உடைத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். உன் வாப்பாவை எனக்கே சரியாகத் தெரியவில்லை. தங்கையனும் அவரும் பீப்பாயைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, மூன்று முறை சுட்டு எடுத்தார்கள். மறுவருஷம் ஊர் அவருக்கு ஒரு துண்டு இறைச்சி கொடுக்கவில்லை. தன் கடைக் கிடாவையே அறுத்து, சிரட்டையும் கொய்யா விறகும் ஏற்றிக்கொண்டு அதே குடிகளுக்குப் போனார். யாரும் பாத்திரத்தோடு வரவில்லை. கை வெந்தவள் மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்று, “மொதல்ல நீரு தின்னும். பொறவு நாங்க தின்னுதோம்” என்றாளாம். நடுத்தெருவில் உட்கார்ந்து தின்றார். அவர் எழுந்து நடக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “செரி, தாரும்” என்று பாத்திரத்தை நீட்டினாள். அதிலிருந்து இன்று வரை ஒரு பெருநாள்கூட அந்த வண்டி போகாமல் இருந்ததில்லை. அருமனையில் அவரை யாரும் தோட்டு சாயிபு என்று கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் கோட்டாற்றில்தான், இந்தத் தெருவில்தான் இருக்கிறது. அவர் புகைத்த இறைச்சியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதைச் சொல்லுகிறார்கள். அவர்களிடமிருந்து கேட்டுக்கொண்டுதான் நீயும் வெட்கப்படுகிறாய்.

நீ கல்யாணம் செய்யப் போகிறவன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்கு வருகிறவள் ஒரு நாள் அவசரத்தில் ஏதாவது தப்புச் செய்வாள். நீயும் செய்வாய். அவள் தப்பை நீ சுமக்க நினைத்தால் சும, அது உன் பெருந்தன்மை. ஆனால் உன் தப்பை அவள் சுமக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்காதே. முதல் நாள் சொல்லிவிட்டால் ஒரு நாள் அவமானத்தோடு போகும். ஒரு வாரம் தள்ளினால் சொல்ல நா எழாது. ஒரு வருஷம் தள்ளினால், சொல்லாமல் இருப்பதே நல்லது என்று மனசு கதை கட்டும். நான் எட்டு வருஷம் கதை கட்டினேன். உனக்காவது எழுதியிருக்கலாம். நீ தூரத்தில் இருக்கிறாய், பிள்ளை மனசு நோகும் என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தேன். உண்மையில் நீ என்னைத் தாழ்வாக நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். அதற்குப் பதிலாக நீ உன் வாப்பாவைத் தாழ்வாக நினைத்தாய், நான் அதற்கும் சம்மதித்துக்கொண்டு இருந்தேன்.

இனி இருக்க மாட்டேன். ரவிக்கை அளவு எடுக்க வேண்டும் என்று சொல்லி நேற்று பஸ் ஏறித் தேங்காய்ப்பட்டணம் போனேன். பஸ் முழுக்க இந்த ஊர் எந்த ராஜ்யத்தோடு சேரும் என்று சண்டை. எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. உன் மாமியாராகப் போகிறவளை அடுப்பங்கரையில் உட்கார வைத்து, சாக்கிலிருந்து தாழ்ப்பாள் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள், நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இத்தனையும் வயித்துல வச்சிட்டா எட்டு வருசம் சோறு தின்னிய?” என்றாள். குத்தல்தான், எனக்கு வேண்டியதுதான். பிறகு, “மனுசன் கையாலே வெட்டச் சொல்லுங்க. எங்க ஆளுவ ஆரும் பேச மாட்டாவ, நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். நீ நல்ல வீட்டில்தான் பெண் எடுக்கிறாய். நாளை ஜும்ஆ முடிந்ததும் அந்த நாலு பேரின் வீட்டுக்கும் போகப் போகிறேன். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை, அவர் மனைவியிடம் சொல்வேன். இது வாப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் நடுக்கதவைச் சாத்துவார்.

ஒன்றே ஒன்று பாக்கி. உன் மடித்த தாளை நான் இடுப்பில் செருகியதை அவர் பார்த்துவிட்டார். இன்று காலையில் கடைக்குப் புறப்படும்போது, “ஒனக்குத் தனியா என்னமோ எழுதியிருக்கானே, என்ன சங்கதி?” என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்கு நா வரவில்லை. “வலீமாவுக்கு எத்தன கிடா நிக்குன்னு கேட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டேன். கடைக்குப் பின்னால் நோன்பு மாதத்திலிருந்து அவரே உன் வலீமாவுக்கென்று கிடாக்களைக் கட்டித் தீனி போட்டு வளர்க்கிறார், மக்கா, உனக்குத் தெரியாது. பலாவிலை தேடி அலைகிறார். எட்டு வருஷத்தில் அவர் கத்திக்கு வருகிற முதல் விருந்து. “இதக் கேக்கதுக்கா தனித் தாளு? கூச்சப்படுதான் பய” என்று சிரித்தார். “ஆறுன்னு எழுது” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார். “ஏழுன்னு எழுது. சின்னது ஒண்ணு நிக்கி. அவன் வரதுக்குள்ள அதயும் தேத்திருவேன்.”

ஏழு, மக்கா.

உம்மா